பிரெக்சிட்: கடைக் கல்லாவில் நின்று கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு லண்டனில் இல்ஃபோர்ட், ஈஸ்ட்ஹாம் பக்கத்துச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. எனக்கு ஊர் திருச்சி. நான் கணக்கு எழுதும் கடைகளில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துக்காரர்களுடையவை. வாட் கணக்கை முடித்து டீ குடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் பிரெக்சிட் பற்றி ஆரம்பித்துவிடுவார். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அதே கதைதான். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை தருவது குற்றம். விசா பற்றி இங்கே இருப்பது பொதுத் தகவல்தான். உங்கள் விஷயத்துக்குப் பதிவு பெற்ற ஆலோசகரையோ சொலிசிட்டரையோ பாருங்கள்.

"பிரெக்சிட் பிரெக்சிட்னு சொல்றாங்களே, அப்படி எதிலிருந்துதான் வெளியே வந்தாங்க?"

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து. அதற்குள் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று சுங்க ஒன்றியம்: உறுப்பு நாடுகளுக்குள் சுங்க வரி கிடையாது, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி. இன்னொன்று ஒற்றைச் சந்தை: சரக்கு, சேவை, பணம், ஆட்கள் நான்கும் எல்லை பார்க்காமல் போய்வரலாம், தர விதிகளும் எல்லா நாட்டுக்கும் பொது. பிரிட்டன் இந்தக் கூட்டமைப்பில் 1973 ஜனவரி 1 அன்று சேர்ந்தது. ஒற்றைச் சந்தை 1993இல் வந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது வாளையார் செக்போஸ்ட் உதாரணம். 2017இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன் கோயம்புத்தூரிலிருந்து கேரளா போகும் லாரி அங்கே மணிக்கணக்கில் நிற்கும். ஜிஎஸ்டிக்குப் பிறகு அந்தச் செக்போஸ்ட் போய்விட்டது. பிரிட்டன் செய்தது தலைகீழ். எடுத்து 28 வருஷமான செக்போஸ்ட்டை 2021இல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"ஓட்டுப் போட்டது 2016. கஷ்டமெல்லாம் 2021லதான் வந்துச்சுன்னு சொல்றீங்க. நடுவுல என்ன நடந்துச்சு?"

வாக்கெடுப்பு 2016 ஜூன் 23. விலக வேண்டும் என்றவர்கள் 51.9 சதவீதம். சட்டப்படி விலகியது 2020 ஜனவரி 31. ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை இடைக்காலம், பழைய விதிகளே ஓடின. ஆகவே கடைக்காரர் கண்ணில் பட்ட மாற்றம் 2021 ஜனவரி 1 அன்றுதான் தொடங்கியது.

பவுண்ட் மட்டும் அத்தனை நாள் காத்திருக்கவில்லை. வாக்கு எண்ணிய இரவு 1.50 டாலர் பக்கத்தில் இருந்தது, விடிவதற்குள் 1.33க்கும் கீழே போனது. 1985க்குப் பிறகு அவ்வளவு இறங்கியதில்லை. ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு அந்தக் காலை நன்றாக ஞாபகம் இருக்கும். டாலரில் பருப்பும் மிளகாயும் இறக்கும் மொத்த வியாபாரிகளுக்கு அதைவிட நன்றாக.

"வரியே இல்லைன்னு ஒப்பந்தம் போட்டாச்சே, அப்புறம் விலை ஏன் ஏறுது?"

ஒப்பந்தம் போட்டது உண்மை. 2020 டிசம்பர் 24 அன்று, கடைசி நிமிஷத்தில். இரு பக்கத்திலும் தயாராகும் சரக்குக்குச் சுங்க வரி பூஜ்யம், அளவுக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் வரி பூஜ்யம் என்பதற்கும் எல்லையே இல்லை என்பதற்கும் நிறைய தூரம். "இந்தச் சரக்குக்கு வரி பூஜ்யம்" என்று எழுதிக் கொடுக்கவே ஒரு படிவம் வேண்டும். அதை நிரப்ப கஸ்டம்ஸ் ஏஜென்ட் வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும்.

ஒரு கடையின் ஃபைலையே சொல்கிறேன். நெதர்லாந்து மொத்த வியாபாரியிடமிருந்து ஒரே பாலட்டில் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) நெய் டின், தயிர் வாளி, உறைந்த மீன் வரும். முன்பு அந்தப் பாலட்டுக்கு என் ஃபைலில் ஒரு இன்வாய்ஸ், ஒரு தாள். இப்போது இறக்குமதி அறிவிப்பு ஒன்று. பால் பொருளுக்கு அங்கே அரசு அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்று ஒன்று, மீனுக்கு இன்னொன்று. சரக்கு வருவதற்கு முன்பே இங்கே கணினியில் முன்னறிவிப்பு. 2024 ஏப்ரல் 30 முதல் டோவர் துறைமுகம் வழியாகவோ கடலடிச் சுரங்க ரயில் வழியாகவோ வந்தால் ஒவ்வொரு வகைக்கும் 10 அல்லது 29 பவுண்ட் கட்டணம், அதிகபட்சம் 145. பெட்டியைத் திறந்து பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கட்டணம் கட்டணம்தான். சோதனைக்கு நிறுத்தினால் டோவரிலிருந்து சுமார் 22 மைல் தள்ளி ஆஷ்ஃபோர்ட் பக்கத்துச் செவிங்டனுக்கு லாரி போக வேண்டும். பல கடைச் சரக்கை ஒன்றாக ஏற்றி வரும் லாரி என்றால் இன்னும் சங்கடம். ஒருத்தர் காகிதத்தில் ஒரு எண் தப்பினாலும் மற்றவர் தயிரும் சேர்ந்து நிற்கும்.

இந்தச் சோதனைகளால் சாமான் விலை ஏறும் என்பது அரசுக்கும் தெரிந்துதான் இருந்தது. இறக்குமதிச் சோதனைகளை ஐந்து முறை தள்ளிப்போட்டார்கள். பிரிட்டனிலிருந்து போகும் சரக்கை ஐரோப்பா முதல் நாளிலிருந்தே சோதித்தது. உள்ளே வருவதைப் பிரிட்டன் மூன்று வருஷத்துக்கு மேல் கிட்டத்தட்ட அப்படியே விட்டது. இந்த ஒரு விஷயத்தில் உள்ளூர் ஏற்றுமதிக்காரர்களின் கோபம் நியாயமானது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"லண்டன்ல இறக்கின சட்டை, சேலையை பரிஸ் கடையளுக்கு அனுப்புறம். இஞ்சையும் வரி, அங்கையும் வரி. இது என்ன நியாயம்?"

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பல் பகுதிக்கு லண்டனிலிருந்து சரக்கு அனுப்பி வந்த எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன பூஜ்ய வரி, பிரிட்டனில் அல்லது ஐரோப்பாவில் தயாரான சரக்குக்கு மட்டும். திருப்பூரில் தைத்த சட்டை லண்டன் கிடங்கில் ஆறு மாதம் கிடந்தாலும் இந்தியச் சட்டைதான். பெட்டியை மாற்றுவது, லேபிள் ஒட்டுவது, இஸ்திரி போடுவது எதுவும் அதைப் பிரிட்டிஷ் சட்டையாக்காது. இதற்குப் பெயர் பிறப்பிட விதி. பழைய காலத்தில் லண்டனில் ஒரு முறை வரி கட்டினால் சுங்க ஒன்றியம் முழுக்க அதுவே போதும். இப்போது இரண்டு தனித்தனி மதில்கள், இரண்டிலும் கட்ட வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. சரக்கை இங்கே வரி கட்டாமல் சுங்கக் கிடங்கில் வைத்து அப்படியே வெளியே அனுப்பலாம், அப்போது பிரிட்டன் வரி விழாது. ஆனால் அந்தக் கிடங்குக்கு வாடகையும் கணக்கும் உண்டு. எந்தச் சேலை லண்டனில் விற்கும், எது பாரிஸ் போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கவும் வேண்டும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு அது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்த ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பாரிஸ் சரக்கை நேராகப் பிரான்ஸ் துறைமுகத்துக்கே இறக்கச் சொல்லிவிட்டார். லண்டன் கிடங்கில் இரண்டு பேருக்கு அத்தோடு வேலை போனது.

"ஜேர்மனியிலை இருந்து மாமி பிறந்தநாளுக்குப் பார்சல் அனுப்பினவா. காசு கட்டினால்தான் தருவினமாம். பரிசுக்கும் வரியோ?"

39 பவுண்டுக்குள் இருந்தால் பரிசுக்கு வரி இல்லை. அதற்கு மேல் போனால் வாட் உண்டு. 135 பவுண்டைத் தாண்டினால் சுங்க வரியும் சேரலாம். கொண்டுவருகிறவர் தன் கையாளும் கட்டணத்தையும் மேலே வைப்பார், பல நேரம் வரியைவிட அதுதான் வலிக்கும். மாமி படிவத்தில் "பரிசு" என்று குறித்து, ஒவ்வொரு பொருளின் விலையையும் எழுதியிருக்க வேண்டும். இங்கிருந்து ஜெர்மனிக்கு அனுப்பினால் அந்த வரம்பு 45 யூரோ.

சாப்பாட்டில் கவனம். பிரிட்டனிலிருந்து ஐரோப்பாவுக்கு இறைச்சி, பால் பொருள் எதையும் தனிநபர் கொண்டுபோகக் கூடாது. 2021 ஜனவரியில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் ஒரு லாரி டிரைவரின் ஹாம் சாண்ட்விச்சைப் பிடுங்கிக்கொண்டு, "பிரெக்சிட்டுக்கு நல்வரவு" என்று அதிகாரி சொன்ன காட்சி டிவியில் ஓடியது. 2025 ஏப்ரலில், கோமாரி நோய் காரணமாக, ஐரோப்பாவிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கையில் கொண்டுவரப் பிரிட்டனும் தடை போட்டது. மாமி அனுப்பியது ஆட்டிறைச்சி வறுவல் என்றால் அதை மறந்துவிடுங்கள்.

"பெரிய கம்பெனிங்க சமாளிச்சுட்டாங்களே. நாம மட்டும் ஏன் புலம்பறோம்?"

ஏனென்றால் காகிதத்தின் விலை சரக்கின் அளவைப் பார்ப்பதில்லை. ஒரு பாலட்டுக்கும் ஒரு முழு லாரிக்கும் படிவம் ஏறத்தாழ ஒன்றே. ஏஜென்ட் கூலியும் சான்றும் சேர்த்து 200 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். 40,000 பவுண்ட் சரக்குக்கு அது அரை சதவீதம், யாரும் கவனிக்க மாட்டார்கள். 800 பவுண்ட் பாலட்டுக்கு அதே 200 கால்வாசி. லாபமே அவ்வளவு இருக்காது.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் 2024இல் கம்பெனிவாரியான சுங்கத் தரவை வைத்துப் பார்த்தார்கள். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நிறுவனங்களில் சுமார் 14 சதவீதம், அதாவது 16,400 நிறுவனங்கள், ஏற்றுமதியையே நிறுத்திவிட்டன. பெரியவர்களுக்குப் பெரிய சேதம் இல்லை, நின்றவர்கள் பெரும்பாலும் சின்னவர்கள். இதில் திவால் செய்தி எதுவும் வராது, பேப்பரிலும் வராது. ஒரு கடைக்காரர் "ஐரோப்பா ஆர்டர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளூர் வியாபாரத்தைப் பார்ப்பார். என் ஃபைலில் ஒரு வரி நின்றுபோகும், அவ்வளவுதான்.

"ஆளுங்க வர்றதை நிறுத்தத்தானே வெளிய வந்தாங்க? அப்புறம் எப்படி முன்னைவிட அதிகம் பேர் வந்தாங்க?"

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வெள்ளைக்கார வாடிக்கையாளர்களும் கேட்பார்கள், குரல் மட்டும் வேறு மாதிரி இருக்கும்.

வாக்கெடுப்பு நேரத்தில் நிகரக் குடிவரவு, அதாவது வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் மிஞ்சுவது, வருஷத்துக்குச் சுமார் 3 லட்சம். தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்கில் 2023இல் அது 9 லட்சத்தைத் தாண்டியது. ஐரோப்பியர்களைப் பொறுத்தவரை கதவு உண்மையிலேயே மூடியது, வந்தவர்களைவிடப் போனவர்கள் அதிகம். ஏறியது முழுக்க ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளிலிருந்து: இந்தியா, நைஜீரியா, பாகிஸ்தான், சீனா. கூடவே உக்ரைன் அகதிகள், ஹாங்காங்கிலிருந்து தனி விசாவில் வந்தவர்கள்.

காரணம் பிரெக்சிட்டோடு சேர்த்தே எழுதப்பட்ட விதிகள். 2021 ஜனவரியில் வேலை விசாவுக்குத் தகுதிகளை எண்ணிப் புள்ளி போடும் முறை வந்தது. எந்த நாட்டவராக இருந்தாலும் ஒரே விதி, சம்பள வரம்பு 25,600 பவுண்ட். முன்பிருந்ததைவிட அது இந்தியர்களுக்குத் தளர்வுதான். படித்து முடித்தவர்கள் இரண்டு வருஷம் தங்கி வேலை தேட 2021 ஜூலையில் வழி திறந்தார்கள். முதியோர் இல்லங்களில் ஆள் இல்லை என்று 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர் விசா வந்தது. ஆக, வேலைக்கு ஆள் தேவை குறையவில்லை. போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் விசா இல்லாமல் வந்தவர்கள் நின்றார்கள், கேரளாவிலிருந்தும் லாகோஸிலிருந்தும் விசாவோடு வந்தார்கள்.

அப்புறம் அரசு பயந்து ஒவ்வொன்றாக மூடியது. 2024இல் பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிவருவது நின்றது, மார்ச்சில் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் நின்றது. சம்பள வரம்பு ஏப்ரலில் 38,700, 2025 ஜூலையில் 41,700. அதே ஜூலையில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளரை எடுப்பதே முடிந்தது. 2025 ஜூனில் முடிந்த ஆண்டில் நிகரக் குடிவரவு சுமார் 2 லட்சமாக இறங்கிவிட்டது.

"ஐரோப்பாக்காரங்க போனதுல எந்த வேலைதான் ஆளில்லாம நின்னுச்சு?"

2021 செப்டம்பரில் பெட்ரோல் பங்க் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெட்ரோல் இருந்தது, டேங்கர் ஓட்ட ஆள் இல்லை. ஒரு லட்சம் டிரைவர் பற்றாக்குறை என்று சாலைப் போக்குவரத்துச் சங்கம் சொன்னது. அரசு 5,000 டிரைவர்களுக்குத் தற்காலிக விசா அறிவித்தது, அக்டோபரில் ராணுவ வீரர்கள் டேங்கர் ஓட்டினார்கள். எல்லாப் பழியும் பிரெக்சிட் மேல் இல்லை. கோவிட்டால் டிரைவர் தேர்வுகள் நின்றிருந்தன, வயதானவர்கள் ஓய்வுபெற்றார்கள். ஆனால் முன்பு இப்படி ஒரு நெருக்கடி வந்தால் அடுத்த வாரமே போலந்திலிருந்து ஆள் வந்திருப்பார்.

பன்றிப் பண்ணைகளில் கசாப்பு வெட்ட ஆளில்லாமல் ஆரோக்கியமான பன்றிகளையே கொன்று எறிந்தார்கள். ஸ்ட்ராபெர்ரி பறிக்க ருமேனியர்களும் பல்கேரியர்களும் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது ஆறு மாத விசாவில் கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் வரை போய் ஆள் எடுக்கிறார்கள்.

"ஐரோப்பாக்காரனுக்கும் நமக்கும் ஒரே விதின்னா, நமக்கு நல்லதுதானே?"

2021இல் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். 2016இல் விலகல் பிரசாரத்தில் இதையே வாக்குறுதியாகக் கொடுத்தார்கள். "நம் கறி ஹவுஸ்களைக் காப்பாற்றுவோம்" என்று அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேல் இயக்கமே நடத்தினார். ஐரோப்பாவிலிருந்து வருவது நின்றால் தெற்காசியச் சமையல்காரர்களுக்கு இடம் கிடைக்கும் என்பது பேச்சு. 2021இல் கொஞ்சம் கிடைக்கவும் செய்தது. இப்போது ஒரு தோசை மாஸ்டரை ஊரிலிருந்து எடுக்க முயன்று பாருங்கள். மேலே சொன்ன சம்பள வரம்பு ஒரு பக்கம், 2025 ஜூலை முதல் பட்டப்படிப்பு நிலை வேலைகளுக்கு மட்டுமே விசா என்பது இன்னொரு பக்கம். சமையல்காரர் அந்தப் பட்டியலில் இல்லை. எனக்குத் தெரிந்த ஓர் உணவகத்தில் முதலாளியே காலை ஐந்து மணிக்கு மாவு ஆட்டுகிறார். கணக்கு எழுதப் போனால் கையில் மாவோடுதான் இன்வாய்ஸைத் தருவார்.

இன்னொரு வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். போலந்துக்காரர் இங்கே வேலை செய்தது உரிமையால். முதலாளி திட்டினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். நம் ஆள் வருவது ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி, தயவில். வேலை போனால் பொதுவாக 60 நாளைக்குள் வேறு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும். இதை வைத்துத்தான் பராமரிப்பு விசாவில் ஏஜென்ட்கள் லட்சக்கணக்கில் பணம் பிடுங்கினார்கள், வந்து பார்த்தால் வேலையே இல்லை. 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையே 470க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தை அரசு பறித்தது. பறித்த அன்று மாட்டிக்கொண்டது அந்த நிறுவனத்தில் இருந்த தொழிலாளிதான். செலவும் நம் தலையில்தான்: சுகாதாரக் கட்டணம் மட்டும் (பராமரிப்பு விசாவுக்கு இது கிடையாது) பெரியவர் ஒருவருக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்ட், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே எல்லா வருஷத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

"நான் டச்சு பாஸ்போர்ட். 2014இல் இருந்து ஹரோவில இருக்கிறன். என்னை அனுப்பிப்போடுவினமோ?"

நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், டென்மார்க் என்று முதலில் அகதியாகப் போய், குடியுரிமை வாங்கி, பிள்ளைகளின் இங்கிலீஷ் படிப்புக்காக லண்டன் வந்த ஈழத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வரும்போது ஒரு படிவமும் நிரப்பவில்லை, அந்தக் காலத்தில் தேவையும் இல்லை. இவர்களுக்காகத்தான் ஐரோப்பியக் குடியேற்றத் திட்டம் என்று ஒன்று வந்தது. கட்டணம் இல்லை. கடைசித் தேதி 2021 ஜூன் 30. ஐந்து வருஷம் இருந்தவருக்கு நிரந்தரத் தகுதி, குறைவாக இருந்தவருக்குத் தற்காலிகமான முன்தகுதி. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தகுதி பெற்றார்கள். அரசு எதிர்பார்த்ததைவிட இது மிக அதிகம். எல்லை திறந்திருந்ததால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே யாருக்கும் சரியாகத் தெரியாமல் இருந்தது.

நீங்கள் விண்ணப்பித்திருந்தால் பயம் வேண்டாம். ஐந்து வருஷம் தொடர்ந்து பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் நிரந்தரத் தகுதி போய்விடும், அதை நினைவில் வையுங்கள். பாஸ்போர்ட் புதுப்பித்தால் இணையக் கணக்கில் புது எண்ணைச் சேருங்கள், விமான நிலையத்தில் தகராறு வருவது இதனால்தான். விண்ணப்பிக்கவே இல்லை என்றால் தாமதத்துக்குத் தக்க காரணத்தோடு இன்னும் விண்ணப்பிக்க முடியும், உடனே ஆலோசகரைப் பாருங்கள். பெரும்பாலும் விடுபட்டது வயதான அம்மா அப்பாவும், "டச்சு பாஸ்போர்ட் இருக்கே" என்று விட்ட சின்னப் பிள்ளைகளும்தான்.

"மகளுக்கு பரிஸ்ல மாப்பிள்ளை பாத்திருக்கிறம். கலியாணம் முடிஞ்சு அவர் லண்டன் வரலாம்தானே?"

முன்பு வரலாம், பயணப் பையோடு ரயிலேறினால் போதும். இப்போது உறவு எப்போது தொடங்கியது என்பதைப் பார்ப்பார்கள். 2020 டிசம்பர் 31க்கு முன்பே கணவன் மனைவியாகவோ நிலையான துணையாகவோ இருந்து, மகளுக்கு முந்தைய பதிலில் சொன்ன தகுதி இருந்தால், அந்தத் திட்டத்தின் கீழேயே வர இடம் உண்டு. அதற்குப் பிறகு தொடங்கிய உறவு என்றால் பிரெஞ்சு மாப்பிள்ளையும் சிவகாசி மாப்பிள்ளையும் ஒன்றுதான். துணைவர் விசா, மகளுக்கு வருஷம் 29,000 பவுண்ட் வருமானம் வேண்டும். 2024 ஏப்ரல் வரை அது 18,600ஆக இருந்தது. பகுதி நேர வேலை பார்க்கும் பிள்ளைகள் பலருக்கு இது எட்டாது. மாறாக மகள் பாரிஸ் போவதும், அவளிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் இருந்தால், இப்போது விசா விஷயம்தான். இரண்டு வீட்டுக்காரர்களும் முகூர்த்தத்துக்கு முன் இதைப் பேசிவிடுவது நல்லது.

"பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கு. தம்பி பரிஸ் கடையில ரெண்டு மாசம் நிக்கலாமா?"

சுற்றிப் பார்க்க 180 நாளில் 90 நாள் போகலாம். கல்லாவில் நிற்கக் கூடாது, அது வேலை. 2025 அக்டோபர் முதல் கைரேகையும் புகைப்படமும் எடுத்து நாளைக் கணினியே எண்ணும் முறை வந்துவிட்டது. முத்திரை மங்கலாக இருந்தது என்ற சாக்கு இனி செல்லாது.

"வெளிநாட்டு ஆளுங்க குறைஞ்சா உள்ளூர்க்காரங்களுக்குச் சம்பளம் ஏறும்னாங்களே. ஏறுச்சா?"

சில இடங்களில், சில காலம். 2021இல் லாரி டிரைவர்களுக்குச் சம்பளம் நன்றாகவே ஏறியது. கசாப்புக் கூடங்களிலும் கிடங்குகளிலும் கொஞ்சம். ஆனால் ஐரோப்பியக் குடிவரவு உள்ளூர்ச் சம்பளத்தை அடித்து வைத்திருந்தது என்ற கதைக்கு ஆதாரம் எப்போதும் மெலிதாகத்தான் இருந்தது. அரசின் குடிவரவு ஆலோசனைக் குழுவே 2018 அறிக்கையில் மொத்தச் சம்பளத்தில் பாதிப்பு மிகக் குறைவு அல்லது இல்லை என்று சொன்னது.

முதியோர் பராமரிப்பைப் பாருங்கள். ஐரோப்பியர் போனார்கள், ஆள் கிடைக்கவில்லை, சம்பளம் ஏறியிருக்க வேண்டும். போதுமான அளவு ஏறவில்லை. அந்த இல்லங்களுக்குப் பணம் தருவது பெரும்பாலும் உள்ளாட்சி மன்றங்கள், அவற்றிடம் பணம் இல்லை. சம்பளத்தை ஏற்றுவதற்குப் பதிலாக விசாவைத் திறந்தார்கள்.

"நாட்டுக்கு 4 சதவீதம் நஷ்டம்னு சொல்றாங்க. நடுவுல கோவிட், உக்ரைன் போர் எல்லாம் வந்துச்சே. எதுனால எவ்வளவுன்னு எப்படிப் பிரிச்சாங்க?"

நல்ல கேள்வி. கேட்டவர் ஈஸ்ட்ஹாமில் மளிகைக் கடை வைத்திருப்பவர், பேப்பரில் வரும் பொருளாதார நிபுணர்கள் சிலர்கூட இதைக் கேட்பதில்லை. அந்த 4 சதவீதம் அரசின் சுயேச்சை அமைப்பான பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் எண். ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய உற்பத்தித் திறனைவிட நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறைவாக இருக்கும், ஏற்றுமதியும் இறக்குமதியும் 15 சதவீதம் குறையும் என்கிறார்கள். இது எடை போட்டுப் பார்த்த எண் இல்லை, பல ஆய்வுகளின் சராசரியிலிருந்து எடுத்த அனுமானம். நாடு 4 சதவீதம் சுருங்கிவிட்டது என்றும் பொருள் இல்லை, வளர்ந்து எட்டியிருக்க வேண்டிய இடத்தைவிட அந்த அளவு கீழே நிற்கும்.

பிரிப்பதற்கு வேறு வழியும் உண்டு. கோவிட்டும் போரும் எல்லா நாட்டுக்கும் வந்தன. ஆகவே பிரிட்டனைப் போலவே வளர்ந்துகொண்டிருந்த நாடுகளைக் கலந்து ஒரு கற்பனைப் பிரிட்டன் செய்து, நிஜத்தோடு ஒப்பிடுகிறார்கள். எந்த நாடுகளைக் கலக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை ஏறும் இறங்கும். சண்டை முழுக்க அதில்தான். கம்பெனிவாரியான தரவு (மேலே சொன்ன 16,400 கணக்கு) எனக்கு இதைவிட நம்பிக்கையானது. நிறுத்திய கம்பெனியை எண்ணிப் பார்க்கலாம். 4 சதவீதத்தை எண்ண முடியாது.

"அப்ப லாபமே இல்லையா? ஒண்ணுகூடவா?"

உண்டு. சேவைத் துறை எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடியது. சட்டம், கணக்கு, ஆலோசனை, மென்பொருள் எல்லாம் உலகம் முழுக்க விற்கிறது. கன்டெய்னர் தேவைப்படாத சரக்கு என்பதால் செவிங்டன் தொல்லை இல்லை. வங்கிகள் மட்டும் ஐரோப்பாவில் விற்கும் தானியங்கி உரிமையை இழந்தன. 2021 ஜனவரியில் பங்கு வர்த்தகத்தில் ஆம்ஸ்டர்டாம் லண்டனை முந்தியது. 2025இல் அமெரிக்க அதிபர் டிரம்ப் வரி போட்டபோது பிரிட்டனுக்குப் பொதுவாக 10 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 15. உள்ளே இருந்திருந்தால் பிரிட்டனுக்கும் 15தான்.

இந்திய ஒப்பந்தமும் இந்தக் கணக்கில் வரும், உள்ளே இருந்திருந்தால் தனியாகப் போட்டிருக்க முடியாது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. இந்திய ஆயத்த ஆடைக்கு இங்கே சுமார் 9.6 சதவீத வரி இருந்தது, வங்கதேசத்துக்குப் பூஜ்யம். திருப்பூர் இத்தனை வருஷம் அந்த வித்தியாசத்தோடுதான் மல்லுக்கட்டியது. ஒப்பந்தப்படி அது பூஜ்யமாகிறது, திருப்பூருக்கு இது நிஜமான நல்ல செய்தி. பிரிட்டனுக்கு? இங்கிருந்து போகும் விஸ்கிக்கும் ஜின்னுக்கும் இந்தியாவில் 150 சதவீத வரி 75 ஆகி, பத்து வருஷத்தில் 40 ஆகும். மொத்தத்தில் நீண்ட காலத்தில் பொருளாதாரம் 0.1 சதவீதம் கூடும் என்பது பிரிட்டிஷ் அரசின் சொந்தக் கணிப்பு. அதை முந்தைய பதிலில் வரும் 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டோடு வியாபாரம் குறைந்ததைத் தூரத்துச் சொந்தத்தால் ஈடுகட்டுவது கஷ்டம்.

"அப்ப திரும்பச் சேந்துடலாமே?"

சேர எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும், பழைய சலுகைகள் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பிரதமர் கியர் ஸ்டார்மர் ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம், ஆட்களின் தடையற்ற நடமாட்டம் மூன்றுக்கும் திரும்பப் போவதில்லை என்ற வாக்குறுதியோடு 2024இல் ஆட்சிக்கு வந்தார். சேராமலேயே வேலியை ஆங்காங்கே தாழ்த்துகிறார்கள். 2025 மே 19 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தோடு லண்டனில் நடந்த மாநாட்டில், உணவு, விலங்கு, தாவரப் பொருட்களுக்குப் பொது விதி கொண்டுவந்து சான்றுகளைப் பெரும்பாலும் நீக்குவது என்று ஒத்துக்கொண்டார்கள். ஐரோப்பியப் படகுகளுக்கு மீன்பிடி அனுமதியை 2038 வரை நீட்டியது அதே பேச்சில்தான். மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸில் 2027இல் திரும்பச் சேர்கிறார்கள்.

"அந்த உணவு ஒப்பந்தம் வந்தா என் நெய்யும் தயிரும் பழையபடி வருமா? இப்ப புது ஏஜென்ட்டோட மூணு வருஷக் கான்ட்ராக்ட் போடலாமா?"

சுகாதாரச் சான்றும், அந்த 29 பவுண்டும் போக வாய்ப்பு அதிகம். சுங்க அறிவிப்பு போகாது, ஏனென்றால் சுங்க ஒன்றியத்துக்குத் திரும்பவில்லை. ஏஜென்ட் தொடர்ந்து தேவை, ஆனால் வேலை குறையும். மூன்று வருஷம் வேண்டாம். ஒரு வருஷத்துக்குப் போடுங்கள். சான்றுக் கூலியையும் அறிவிப்புக் கூலியையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்றாகப் போட்டால், சான்று ஒழிந்த பிறகும் அதே தொகைக்குத்தான் பில் வரும்.